கடத்தப்படாத அப்பா

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. கல்கத்தாவில், பவானிபூரில் ஒரு பள்ளியில் தமிழ் எடுக்கும் நாகலட்சுமி மிஸ் கேட்டு வாங்கியது. வாரப் பத்திரிகையில் என் கொலைகளைத் தவறாமல் படிப்பவர்.

"எட்டாம் வகுப்புக்கு ஒரு கதை வேணும் சார். அப்பா வீட்டைவிட்டுப் போயிட்ட பொண்ணு. பசங்க தங்களைப் பத்திப் பேச மாட்டாங்க, கதைல வர்றவளைப் பத்தின்னா பேசுவாங்க. தயவுசெஞ்சு பிணம் வேண்டாம்."

2

மழை கொட்டிய அந்த இரவில் ஜெயப்ரியாவின் அப்பா—

(வேண்டாம். மழை இரவென்றால் என் கை பிணத்தில்தான் போய் நிற்கும்.)

கரியாஹாட் நெரிசலில் ஒரு கறுப்பு கார் ஜெயப்ரியாவின் அப்பாவை அள்ளிக்கொண்டு பறந்தது.

இது சரி. நல்ல அப்பா ஏன் வீட்டில் இல்லை? கடத்திவிட்டார்கள். எங்கள் தொழிலில் வேறு பதில் கிடையாது.*

* உண்டு. ஞாபகமறதி. அதைத் தீபாவளி மலருக்கு வைத்திருக்கிறேன்.

3

வகுப்பில் நானே படித்தேன். கடத்தியவனைப் பிடிக்க ஆளுக்கொரு வழி சொன்னார்கள். ராகவ் ஹௌரா பாலத்தையே மூடச் சொன்னான். ஜன்னலோரம் இருந்த ஸ்னேகா கடைசியில் எழுந்தாள்.

"காக்கு,* எங்கப்பாவை யாரும் கடத்தலை. நியூ டவுன்ல ஃப்ளாட் எடுத்துத் தனியா இருக்கார். வா வான்னு கூப்பிடறார். வாசல் வரைக்கும் போனேன். பெல் அடிக்காம திரும்பிட்டேன்."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன்.

"கதவு திறந்ததும் என்ன பேசறதுன்னு தெரியலை. ஜெயப்ரியா என்ன பேசுவா? அதை எழுதுங்க."

* இந்த ஊரில் சித்தப்பா வயதுக்காரர்கள் எல்லோருமே காக்குதான்.

4

முடிவு ஒன்று: கதறிக் கட்டிக்கொள்கிறாள். முடிவு இரண்டு: கேள்வி மேல் கேள்வி கேட்டு அப்பாவைக் கூண்டில் ஏற்றுகிறாள். முடிவு மூன்று: கதவு திறக்கிறது, அவள் மெல்ல—

அடுத்த வகுப்பில் மூன்றையும் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். ராகவ் மட்டும் யோசித்தான்.

"முதல்ல தண்ணி கேக்கட்டும் காக்கு. எங்கப்பா தனியாப் போனப்புறம் முதல் தடவை அவர் வீட்டுக்குப் போனப்ப நான் அதான் கேட்டேன்."

ஸ்னேகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒரே வகுப்பு, ஒரே பஸ். இத்தனை நாள் ஒருவர் கதை மற்றவருக்குத் தெரியாது.

5

போன வாரம் பள்ளி வாசலில் ஸ்னேகாவே என்னைப் பிடித்தாள். பெல் அடித்தாளாம். தண்ணீர் கேட்டாளாம்.

அப்புறம் என்ன பேசினாய் என்றேன், தொழில் ஆர்வத்தில்.

"அது கதைக்கு இல்லை காக்கு," என்று சிரித்துக்கொண்டே பஸ் ஏறிவிட்டாள்.

கதவு திறக்கும் இடத்தில் கதையை நிறுத்தியே பிழைத்தவன் நான். உள்ளே என்ன என்பது எப்போதும் எனக்குத் தெரிந்திருக்கும். இந்த முறை தெரியாது. ஜெயப்ரியா கையில் தம்ளரோடு நிற்கிறாள். அடுத்த வரி உங்கள் வீட்டு எட்டாம் வகுப்புக்குத் தெரிந்திருக்கலாம். கேட்டுப் பாருங்கள். சொல்லாவிட்டால் வற்புறுத்தாதீர்கள்.