நதரோக்காரர்கள் கொடுத்த சங்குக் கதை

என் கணவரின் அக்கா உனைசி கதை சேகரிக்கக் கிளம்பினால் கண்டாவுத் தீவில் பாதிப் பேர் மீன் பிடிக்கப் போய்விடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அது பொய். கால்வாசிப் பேர்தான் போவார்கள். மற்றவர்களுக்குத் தப்பிக்க வழியில்லை. மதினி இந்தத் தீவில் இருபத்தெட்டு வருடம் ஆசிரியையாக இருந்தவர். தீவில் பாதிப் பேர் அவரிடம் காதைத் திருகக் கொடுத்தவர்கள்.

ஓய்வு பெற்ற பிறகு ஊர் ஊராகப் போய்க் கேட்ட கதைகளைக் குழந்தைகளுக்கான புத்தகங்களாக எழுத ஆரம்பித்தார். படம் வரைவது நான். சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும்.

அவருடைய முதல் புத்தகம்தான் வம்பை இழுத்துவிட்டது. கடல் வற்றும் நேரத்தில் கரைக்கு வந்த ஒருவன், தன் மனைவி குடம் குடமாக மொண்டதால்தான் கடல் காலியாகிவிட்டது என்று நினைத்து, வீட்டிலிருந்த தண்ணீரையெல்லாம் கொண்டுவந்து திரும்ப ஊற்றுகிறான். ஆறு மணி நேரத்தில் கடல் ஏறிவிடுகிறது. "பாத்தியா, ரொப்பிட்டேன்" என்று மனைவியிடம் மார்தட்டுகிறான். இந்தக் கதையை எங்கள் வுனிண்டிலோவில் சொன்னால் அந்த ஆள் நதரோக்காரன். நதரோவில் சொன்னால் வுனிண்டிலோக்காரன். மதினி வுனிண்டிலோவில் பிறந்தவர். ஆகவே அச்சில் அவன் நதரோக்காரன் ஆனான்.

இதற்கெல்லாம் எங்கள் பக்கம் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இரண்டு ஊருக்கும் மூதாதை ஒருவரே. மற்ற இடங்களில் ஆளுக்கு ஆள் மச்சான் முறை என்றால், எங்களுக்கு ஊருக்கு ஊர் மச்சான் முறை: கேலி பண்ணலாம், கேட்காமல் எடுத்துப் போகலாம், கோபிக்கத்தான் கூடாது. நதரோக்காரர்கள் படகில் வந்து இறங்கி, மதினி வீட்டுப் பாய் இரண்டையும் கோழி மூன்றையும் அவர் கண்ணெதிரே எடுத்துக்கொண்டு போனார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நாலாவது கோழியைப் பிடித்துக் கொடுத்தார். கணக்கு அதோடு தீர்ந்தது என்று நினைத்தோம்.

அடுத்த வருடம் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு நதரோவுக்கே கதை கேட்கப் போனார். முறைப்படி ஊர்த் தலைவர் முன்னால் யங்கோனா பானத்துக்கான வேர்க்கட்டு ஒன்றை வைத்தோம். வேரை இடித்துக் கரைத்து, கிண்ணம் ஒரு சுற்று வந்ததும் ஊரின் சார்பில் பேசுகிற இனோகே தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், எங்ககிட்ட ஒரு பழைய கதை இருக்கு. வெளி ஆளுக்குச் சொன்னதில்ல. செமேசா, நீ சொல்லு."

செமேசா படகோட்டி. ஐம்பது வயதுக்காரர், கூச்ச சுபாவம். முதலில் தரையைப் பார்த்தார். பிறகு கைகளைத் தூக்கி ஆரம்பித்தார்.

கடலில் ஒரு சங்கு இருந்தது. அதற்குக் காது கேட்காது. இதனிடம் சொன்னால் வெளியே போகாது என்று சுறா தன் பயத்தைச் சொன்னது, நண்டு தன் திருட்டைச் சொன்னது, அலை தன் அலுப்பைச் சொன்னது. கேட்காவிட்டாலும் சங்கு எல்லாவற்றையும் உள்ளே வாங்கி வைத்துக்கொண்டது. ஒருநாள் நிரம்பி வழிந்தது. இன்றைக்கும் காதில் வைத்தால் அத்தனை பேருடைய ரகசியமும் ஒன்றாகக் கேட்கிறது.

அவர் சொல்லும்போது விரல்கள் நண்டாக ஓடின, உள்ளங்கை அலையாகப் புரண்டது. மதினி எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். திரும்பும் வழியெல்லாம் அதே பேச்சு.

"கையப் பாத்தியாடி லுசி? எவ்வளவு பழைய வழக்கமா இருக்கணும் அது. வேற எந்த ஊர்லயும் நான் பாத்ததில்ல."

"கொசு ஓட்டுறார்னு நெனச்சேன் மதினி."

"உனக்குக் கண்ணு படம் போடத்தான். பாக்கறதுக்கு இல்ல."

புத்தகம் வந்தது. முன்னுரையில் மூன்று பக்கத்துக்கு, நம் முன்னோர் கைச்சாடையோடு கதை சொன்ன தொன்மையான மரபு பற்றி எழுதியிருந்தார். தலைநகர் சுவாவிலிருந்து படித்த பெரியவர்கள் சிலர் அதைப் பாராட்டிக் கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதங்களை மதினி எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். மூன்றாவது முறை நான் அடுப்பில் சேப்பங்கிழங்கு தீய்கிறது என்று சொல்லித் தப்பித்தேன்.

நதரோ பள்ளிக்கூடத்தில் புத்தகத்தை வாசிக்க அழைத்தார்கள். ஊரே கூடியிருந்தது. மதினி முன்னுரையையும் விடாமல் வாசித்து முடித்தார். இனோகே எழுந்தார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர். மூணு பக்கம் முன்னோரப் பத்தி எழுதியிருக்கீங்க. அந்த முன்னோர் அந்தா, கதவுகிட்ட நிக்கிறார். செமேசா, டீச்சருக்குக் கையக் காட்டுப்பா."

கூரை பறக்கிற மாதிரி ஒரு சிரிப்பு.

"கடல ரொப்பின ஆளு எங்க ஊரு. கதைன்னு எதச் சொன்னாலும் ரொப்பிக்கிற ஆளு உங்க ஊரு. கணக்கு சரியாப் போச்சு."

மதினியும் சிரித்தார். சிரிக்காமல் இருந்தால் முறை தப்பிவிடும். ஆனால் செமேசா சிரிக்கவில்லை. நான் பார்த்தபோது அவர் வெளியே போய்க்கொண்டிருந்தார்.

படகில் மதினி புத்தகத்தைத் திறந்து அந்த மூன்று பக்கத்தையே புரட்டிக்கொண்டு வந்தார்.

"வெளையாட்டுதானே மதினி" என்றேன்.

"வெளையாட்டு சரிடி. பொய்ய அச்சடிச்சு ஊரூரா அனுப்பிட்டேனே. இனிமே நான் எழுதற எத நம்புவாங்க?"

ஒரு வாரம் கழித்து அவரே என்னைக் கிளப்பினார். நதரோ கரையில் செமேசா படகைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் தண்ணீர்ச் சிரட்டையைக் கீழே போட்டார்.

"டீச்சர், மன்னிச்சிருங்க. எனக்கு அன்னிக்கே மனசு ஒப்பல."

"மன்னிப்பு கெடக்கட்டும். அந்தக் கதைய எப்ப கட்டினே? யங்கோனா குடிச்சுக்கிட்டேவா?"

"இல்ல டீச்சர். அது பதினாறு வருசத்துக் கதை." அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "என் மக லைசானிக்கு ஆறு வயசுல காய்ச்சல் வந்து காது போச்சு. ராத்திரி ஆனா எல்லாப் புள்ளைங்களும் கதை கேக்கும். இவ வாயப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பா. அவளுக்காகத்தான் கையாலயே ஒண்ணு சொன்னேன். இனோகேதான், பழசுன்னு சொல்லி டீச்சர ஏமாத்துவோம்னான்."

மதினி படகின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பாவாடை நனைந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏன்டா இத அன்னிக்கே சொல்லல?"

"என் பேரச் சொன்னா யாரு கேப்பாங்க டீச்சர்? பழசுன்னாத்தானே நோட்டத் தொறக்கறீங்க."

மதினி எழுந்து பாவாடையைப் பிழிந்துகொண்டு, "உன் மககிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

லைசானி தையற்காரி. இருபத்திரண்டு வயது. வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் இருந்தவள், மதினி கொடுத்த புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை படித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்துக் கைகளால் வேகமாக ஏதோ சொன்னாள். செமேசா நெளிந்தார்.

"என்ன சொல்றா?" என்றார் மதினி.

"நண்டு திருடல, கடன்தான் வாங்கிச்சாம். நான் மறந்துட்டேனாம். முடிவும் தப்பாம். சங்கு நெறையலயாம். அதுக்கு இன்னும் எடம் இருக்காம். அதனாலதான் எல்லாரும் இன்னிக்கும் எடுத்துக் காதுல வெக்கிறாங்களாம்."

"இந்த முடிவு யாரு சொன்னது?"

"அவளாத்தான் மாத்தியிருக்கா. எனக்கே இப்பத்தான் தெரியும்."

மதினி நோட்டை எடுத்தார். அன்று சாயங்காலம்வரை அவள் கையால் சொல்ல, செமேசா வாயால் சொல்ல, அவர் எழுதினார். இரண்டாம் பதிப்பில் அந்த மூன்று பக்க முன்னுரை இல்லை. கதையை உண்டாக்கியவர்கள் செமேசாவும் அவர் மகள் லைசானியும் என்றும், பழைய கதை என்று தான் முதலில் எழுதியது தவறு என்றும் நாலு வரி மட்டும் போட்டார். பாராட்டி எழுதிய பெரியவர்களுக்கும் தன் கைப்பட எழுதி அனுப்பினார். ஒருவர் மட்டும் பதில் போட்டார். மற்றவர்கள் மீன் பிடிக்கப் போயிருக்கலாம்.

தண்டனை எனக்குத்தான். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தக் கைச்சாடையைச் சரியாக வரைய வேண்டும் என்றார் மதினி. பதினோரு தடவை வரைந்து லைசானியிடம் கொண்டுபோனேன். அவள் ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தையல் இயந்திரத்தின் மேலேயே கவிழ்ந்து, தோள் குலுங்கச் சிரித்தாள்.

"என்னவாம்?" என்று செமேசாவைக் கேட்டேன்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. சங்கு ரகசியம் கேக்குதுன்னு நீங்க வரைஞ்சிருக்கீங்க. ஆனா அந்தக் கைக்கு, 'எனக்கு வயிறு சரியில்ல'ன்னு அர்த்தமாம்."

மதினி என் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, புது பென்சில் ஒன்றை நீட்டினார்.