இரண்டு முறை கெட்ட இறால்

ஜானட்டும் எழிலனும் பொறியியல் கல்லூரியில் ஒரே வகுப்பு. பிடித்த இறால் கரை சேர்வதற்குள் கெட்டுப் போகாமலிருக்க, சூரிய ஒளியில் ஓடும் குளிர்பெட்டி ஒன்றை இறுதியாண்டில் இருவரும் சேர்ந்து செய்தார்கள். யோசனை ஜானட்டுடையது. திருவொற்றியூரில் பட்டறை வைத்திருந்த எழிலனின் அப்பா தகடும் மோட்டாரும் தந்தார். ஓட்டிப் பார்க்கப் படகு தந்தவர் ஜானட்டின் அப்பா ஸ்டானிஸ்லாஸ், காத்திவாக்கத்து மீனவர்.

முதல் முறை மோட்டார் நின்றுபோனது. அடுத்த முறை தண்ணீர் இறங்கி பேட்டரி போனது. இரண்டு முறையும் பெட்டியைத் திறந்தால் நாற்றம் குப்பென்று அடித்தது. ஸ்டானிஸ்லாஸ் தான் பிடித்த அத்தனை இறாலையும் கழிமுகத்தில் கொட்டினார். மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உடு கண்ணு, இன்னொரு தபா பாத்துக்கலாம்" என்றார். எழிலன் போனில் கேட்டு வருத்தப்பட்டான்.

மூன்றாவது முறை இறால் கெடவில்லை.

கல்லூரி நடத்திய தொழில்முனைவோர் போட்டியில் நடுவர் கேட்டார்: "வியாபாரத்துல இது தோத்துட்டா என்ன பண்ணுவீங்க?"

எழிலன் சிரித்தான். "ஏற்கெனவே ரெண்டு தடவை தோத்தாச்சு சார். எங்களுக்கு அந்த பயமே போயிடுச்சு."

அரங்கமே கைதட்டியது. நடுவர் ஜானட்டின் பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."

"இன்னொரு தபா கெட்டா எங்கப்பா படகு எறக்க முடியாது சார்."

யாரும் கைதட்டவில்லை. நடுவர் கனிவாகத்தான் சொன்னார்: "திறமை இருக்கும்மா. தன்னம்பிக்கைதான் பத்தல."

பரிசு இருவருக்கும் கிடைத்தது. பெட்டியைச் செய்து விற்கத் தொடங்கவிருந்த நிறுவனத்துக்குத் தலைவனாகக் கல்லூரியில் எழிலனை நிறுத்தினார்கள். அவன் அவளையும் கூப்பிட்டான்.

"ஒரு வருஷம் சம்பளம் இல்லாம ஓட்டணும் ஜானட். அப்புறம் பாரு, எங்கயோ போயிடுவோம்."

"அந்த ஒரு வருஷம் எங்க வூட்ல யார்டா சோறு போடுவா?"

எழிலன் கெட்டவன் அல்ல. அப்படியொரு கேள்வி இருப்பதே அவனுக்கு அதுவரை தெரியாது.

ஜானட் எண்ணூர் சாலையில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். குளிர்பெட்டி விற்கத் தொடங்கியது. மாணவர்களுக்குத் தன்னம்பிக்கை பற்றிப் பேச எழிலனைக் கல்லூரி அழைத்தபோது, அவள் லாரிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை அம்மா இருதயம்மாள் ஆற்றாமல் கேட்டாள்: "நீ பண்ணதுதானே அது? இன்னாத்துக்குடி உட்டுக் குடுத்த?"

"எனக்கு அவ்ளோ தைரியம் இல்லம்மா," என்றாள் ஜானட். போட்டியில் நடுவர் சொன்னதை இப்போது அவளும் நம்பினாள்.