குடியிருந்தவரின் குரல்

ஓட்டுநர் வந்து சேர்வதற்குள் ஒலிநாடாவில் ஏதாவது மிஞ்சியிருக்கிறதா என்று அவள் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தாள். கிறீச்சென்ற சத்தம்தான் வந்தது. ஒலி பதிந்திருந்த பழுப்புத் தூள் இயந்திரத்தின் தலையில் அப்பியிருந்தது. அதைப் பஞ்சால் துடைத்தாள். தூள் உதிர்ந்த இடங்களில் நாடா வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டிருந்தது. அதன் வழியே அவள் விரல் தெரிந்தது.

“விட்டுடும்மா. உள்ளதும் கிழிஞ்சிடும்,” என்றார் டெசிபல் சார். ஒலிக்கூடத்தின் தலைவர் அவர். அடுத்த அறையில் ஊசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்வார் என்பதால் வந்த பெயர்.

மறுநாள் காலை படத்தின் ஒலிக்கலவையை முடித்துக் கொடுக்க வேண்டும். நகரசபையில் முதன்முதலாக எழுந்து நின்று “நான் ஆணோடு வாழும் ஆண்” என்று சொன்ன கவுன்சிலரைப் பற்றிய படம். அப்படி வாழ்பவர்களை வாடகை வீட்டிலிருந்தும் வேலையிலிருந்தும் துரத்தக் கூடாது என்று விதி கொண்டுவந்தவர். பதவிக்காலம் முடியும் முன்பே நோயில் இறந்துபோனார். அவரோடு ஒரே வீட்டில் கடைசிவரை வாழ்ந்தவர் நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர்.

படத்தில் அவர் இல்லை. கதை உரிமை கவுன்சிலரின் அக்காவிடம் இருந்தது. தம்பி அப்படிப்பட்டவன்தான், ஊருக்கே தெரியும், ஆனால் வீட்டில் யாரும் இருந்ததில்லை என்பது அந்த அம்மாளின் நிபந்தனை. அதனால் திரைக்கதையில் ஓட்டுநர் ‘குடியிருந்தவர்’ ஆனார். அவருக்கு இரண்டு காட்சிகள். ஒன்றில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். படப்பிடிப்பைப் பார்க்க வந்திருந்த ஓட்டுநர், தனக்கு டீ போடவே வராது, அவன்தான் போடுவான் என்று இயக்குநரிடம் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். மறுநாள் ஒரு பிளாஸ்டிக் பையில் இந்த நாடாச் சுருளைக் கொண்டுவந்தார். சபையில் பேசப்போகும் பேச்சைக் கவுன்சிலர் வீட்டில் ஒத்திகை பார்த்தபோது பதிவு செய்தது. எதிரில் உட்கார்ந்து திருத்தம் சொன்னவர் ஓட்டுநர்.

இயக்குநர் நல்ல மனிதர். இருவர் குரலும் இதில் இருந்தால் படம் முடிந்து திரை இருண்டதும் அப்படியே ஒலிக்கவிடுவதாகச் சொன்னார். தம்பியின் குரலையே பொய் என்று அக்கா எப்படிச் சொல்வார்?

நாடா பழையது. அதன் பசையில் ஈரம் ஏறியிருந்தது. இளஞ்சூட்டில் காயவைத்தால் ஒருமுறை ஓடும், அதற்குமேல் உத்தரவாதமில்லை என்று அவள்தான் சொன்னாள். வேதியியல் படித்தவள். அவள் மெல்லிய குரலில் சொன்னது யாருக்கும் கேட்காததால் டெசிபல் சார் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அன்று காலை அதே அறையில் கதாநாயகன் டப்பிங் பேசியிருந்தான். வசனத்துக்கு நடுவில் அவன் மூச்சு புஸ்புஸ்ஸென்று விழுந்தது. அதற்காகப் பதிவுப் பாதையில் கேட் போட்டிருந்தார்கள். ஒலி ஓர் அளவுக்குக் கீழே இறங்கினால் பாதையை மூடிவிடும் சின்னப் பெட்டி அது. டப்பிங் முடிந்ததும் அவள் நாடா இயந்திரத்தை அதே பாதையில் இணைத்தாள். கேட்டை எடுக்கவில்லை. காதில் மாட்டிய ஹெட்போனை மட்டும் இயந்திரத்திலேயே நேராகச் சொருகியிருந்தாள். நாடா ஒட்டிக்கொண்டு கிறீச்சிடத் தொடங்கினால் அங்கேதான் முதலில் கேட்கும். கிழிவதற்குள் நிறுத்திவிடலாம். அவள் காதில் எல்லாம் விழுந்தது. பதிவில், அன்று வீட்டில் மைக்கின் பக்கத்தில் இருந்த கவுன்சிலரின் குரல் மட்டும் விழுந்தது. எட்ட உட்கார்ந்திருந்த ஓட்டுநரின் குரல் வந்த இடத்திலெல்லாம் கேட் மூடிக்கொண்டது.

ஓட்டுநர் இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். செருப்பைக் கழற்றணுமா என்று கேட்டார். வேண்டாம் என்றாள். கழற்றிவிட்டு முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். பின்சீட்டில் உட்கார்ந்தால் தனக்குத் தலைசுற்றும், வேலைப் பழக்கம் என்றார்.

நடந்ததை அவள் சொன்னாள். அவருக்குப் புரியவில்லை. டெசிபல் சார் சொன்னார். அதற்கும் தலையாட்டிவிட்டு, “சரி, போடும்மா, கேப்போம்,” என்றார்.

போட்டாள்.

கவுன்சிலரின் குரல் அறையெங்கும் நிறைந்தது. இளமையான குரல். ஓட்டுநர் இரண்டு கைகளாலும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேச்சு பாதியில் நின்றது. “இங்க கொஞ்சம் நிறுத்தவா?” என்று கேட்டது குரல். அதன்பின் ஒன்றுமில்லை. நாடாவின் இரைச்சல்கூட இல்லாத வெறுமை.

“மூச்சு வாங்கிட்டுச் சொல்லு. ஓடியா போகப்போறாங்க,” என்றார் ஓட்டுநர்.

குரல் பேச்சைத் தொடர்ந்தது. மறுபடி நின்றது. “கத்துற மாதிரி இருக்கா?”

“கத்து. கடைசி வரிசையில இருக்கிறவன் தூங்குவான்.”

டெசிபல் சார் அவளைப் பார்த்தார். இயக்குநர் எப்போது வந்தார் என்று தெரியவில்லை, கதவருகில் நின்றிருந்தார். ஓட்டுநர் திரும்பி, எல்லாம் ஞாபகம் இருக்கிறது சார், ஒரு மைக் கொடுங்கள், நடுநடுவே சொல்லிவிடுகிறேன் என்றார். இயக்குநர் அருகில் வந்து அவர் தோளில் கைவைத்தார். ஓட்டுநரின் குரலுக்கு இப்போது எழுபது வயது என்றார். அக்காவின் வக்கீல் தியேட்டரில் முதல் காட்சியே முடிய விடமாட்டார், ஒட்டுவேலை என்பார், அது உண்மையாகவும் இருக்கும்.

“அப்ப என்ன சார் பண்ணுவீங்க?”

“அவர் பேசுறத மட்டும் வச்சுக்கிறேன்யா. எனக்கு வேற வழி தெரியல.”

“தனியா பேசிட்டிருந்த மாதிரி.”

இயக்குநர் அவர் தோளிலிருந்து கையை எடுத்தார். வெளியே போனார். டெசிபல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி அவர் பின்னாலேயே போனார்.

“மீதியையும் போடு,” என்றார் ஓட்டுநர்.

பேச்சு முடிந்தது. “இதச் சொன்ன பிறகு யாராச்சும் எனக்கு ஓட்டுப் போடுவாங்களா?” என்றது குரல். பிறகு வெறுமை. முந்தையவற்றைவிட நீளம். அது முடிந்ததும் சிரிப்பு வெடித்தது. அடக்க முடியாத, மூச்சுமுட்டும் சிரிப்பு. இருமல் வந்தும் நிற்காத சிரிப்பு. பதிவு அத்துடன் முடிந்தது.

ஓட்டுநர் வாயைத் திறந்தவர் அப்படியே இருந்தார்.

“மறுபடி போடு.”

போட்டாள். கேள்வி, வெறுமை, சிரிப்பு.

“என்ன சொன்னேன்னு தெரியலம்மா,” என்றார். “அவன் இப்படிச் சிரிச்சு நான் ரெண்டு மூணு தடவதான் பார்த்திருக்கேன். நான்தான் சொல்லியிருக்கேன். என்ன சொன்னேன்?” அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். “நீ கேட்டியே. உன் காதுல விழுந்துச்சுன்னு சொன்னியே.”

விழுந்தது. நடு அலைவரிசையில், சுவரில் மோதி வந்த ஒரு குரல். நாடா இழுபடுகிறதா, சுருதி ஆடுகிறதா என்றுதான் அவள் கவனித்தாள். குரலின் உயரமும் அது வந்த திசையும் இப்போதும் நினைவிருந்தன. அதில் சொற்கள் இருந்தன என்பதே இப்போதுதான் உறைத்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அவர் நம்பிவிடுவார். வீட்டுக்குக் கொண்டுபோவார்.

“நான் சத்தத்ததான் கேட்டேன்யா. பேச்சக் கேக்கல.”

அவர் அவளையே பார்த்தார்.

“கடைசியில குரல் மேல போச்சு,” என்றாள். “கேள்வி மாதிரி.”

“கேள்வியா?”

“அப்படித்தான் இருந்துச்சு. அதுக்கு முன்னாடி நீளமா ஏதோ.”

அவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். “யாரும் போடலன்னா கண்டக்டர் வேல இருக்கு, வர்றியா,” என்றார். சிரிப்பு வரும் இடத்துக்காகக் காத்திருப்பவர்போல ஒலிபெருக்கியைப் பார்த்தார். தலையை ஆட்டிக்கொண்டார். “இதுக்கு அவன் முறைப்பான்.” இன்னொன்று சொல்லிப் பார்த்தார். அதுவும் இல்லை. “அப்ப வீட்டுக்கு டீயாவது போடுவியா,” என்றார். பாதியிலேயே நிறுத்தினார்.

“சின்னதா இருக்கு,” என்றார். “நீளமா இருந்துச்சுன்னு சொன்னல்ல.”

“ஆமாய்யா.”

“மேல எவ்வளவு போச்சு? சும்மா ராகமாச் சொல்லிக் காட்டு. வார்த்த வேண்டாம்.”

அவள் யார் முன்னாலும் பாடியதில்லை. வகுப்பில் வருகை சொல்லும்போதுகூடக் குரல் நடுங்கும். கண்ணை மூடிக்கொண்டு, சொற்கள் இல்லாமல், நினைவில் இருந்த ஏற்ற இறக்கத்தை முனகிக் காட்டினாள். முடிவில் குரல் மேலே போய் நின்றது.

ஓட்டுநர் உதடுகளை அசைத்தபடி கேட்டார்.

“இன்னொரு தடவ,” என்றார்.