ஒட்வார் தைத்த மழையுறை

ரூண்டே தீவில் மழை இல்லாத நாள் அமைந்தால் அன்றைக்கு யோருன் வீட்டில் துணி துவைப்பாள். மற்ற நாளெல்லாம் பறவைகளைப் படமெடுக்கக் கேமராவோடு பாறை விளிம்புக்கு ஏறிவிடுவாள். கூடவே கணவன் ஒட்வார். பயணப் படகில் கார்களை ஏற்றி இறக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், அவள் கேமரா நனையாமல் பார்த்துக்கொள்வதே அவனுக்கு வேலை.

கடையில் வாங்கிய மழையுறைகள் தையல் வழியே ஒழுகின. ஒருநாள் பழைய கூடாரத் துணியை வெட்டி, அவள் மெஷினில் தானே ஒன்று தைத்தான். லென்ஸ் வாயில் இறுக்கிப் பிடிக்க எலாஸ்டிக் வைத்திருந்தான்.

"என்னய்யா இது, ஜட்டி எலாஸ்டிக் மாதிரி இருக்கு?"

"மாதிரி என்ன, அதேதான். துவைச்சதுதான், பயப்படாத."

ஜூலைக் கடைசியில் ஒரு சாயங்காலம், கடலிலிருந்து பஃபின் பறவைகள் கூட்டுக்குத் திரும்பும் நேரம். மழை சாய்வாக அடித்தது. யோருன் புல்லில் குப்புறப் படுத்திருந்தாள். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கேமராவுக்கு மேல் குடை பிடித்து நின்றான் ஒட்வார்.

"குடையைச் சாய்க்காதய்யா. லென்ஸ்ல தெறிக்குது."

"காத்துகிட்ட போய்ச் சொல்லு."

"கை வலிக்குதா?"

"இடது கை கொஞ்சம். மாத்திப் பிடிச்சுக்கறேன். நீ எடு, மீனோட வருது பார்!"

அலகு நிறைய மீனோடு பறவை இறங்கியது. அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள். சட்டென்று குடை அவள் தலைக்கு மேலாகப் பறந்து பள்ளத்தில் விழுந்தது.

"யோவ், குடை!"

திரும்பினாள். ஒட்வார் மல்லாந்து கிடந்தான். திறந்த கண்களில் மழை விழுந்துகொண்டிருந்தது. இமைகள் படபடத்தன.

போனில் உதவி கேட்டாள். உச்சியில் மூடுபனி, ஹெலிகாப்டர் இறங்க முடியாது, ஆட்கள் நடந்துதான் வருவார்கள் என்றார்கள். கேமராவிலிருந்து உறையை உருவி, இரண்டு கையாலும் அவன் முகத்துக்கு மேல் விரித்துப் பிடித்தாள். கேமரா புல்லில் கிடந்தது.

ஒட்வார் அதைப் பார்த்தான். "கேமரா நனையுது, யோருன்."

"நனையட்டும். நீ பேசாத."

அதன்பின் அவன் பேசவில்லை. ஆட்கள் மேலே வந்தபோது உறை எங்கோ பறந்துபோயிருந்தது. அவள் அவன் நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்தாள். வந்தவர்களில் ஒருத்தி மண்டியிட்டு அவள் கைகளைப் பிடித்து எடுக்க வேண்டியிருந்தது.

ஓலெசுந்து நகரிலிருந்து மகள் இங்வில் வந்தாள். அடக்கத்தன்று தேவாலயத்தில் கொடுக்கும் தாளில் அச்சிட அப்பாவின் படம் ஒன்று வேண்டும் என்றாள். இருவரும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து யோருன் எடுத்த படங்களை வருடவாரியாகத் தேடினார்கள். பறவை, பாறை, அலை, மறுபடி பறவை.

"ஒண்ணுகூடவாம்மா இல்ல?"

"எப்பவும் எம் பக்கத்துலயே நின்னுட்டான் மனுஷன். முன்னாடி வந்து நில்லுன்னு நான் சொல்லவே இல்லையேடி."

கடைசியில் படகு ஊழியர்கள் சேர்ந்து எடுத்த பழைய படம் ஒன்று அலமாரியில் கிடைத்தது. அதிலிருந்து தோள்வரை அவனை மட்டும் வெட்டி அச்சிட்டார்கள். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான். தோளில் யாருடைய கையோ ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அடக்கம் முடிந்து தேவாலய வாசலில் எல்லோரும் கை கொடுத்துப் போனார்கள். படகில் அவனோடு வேலை செய்த ஸ்வெய்னுங் அந்தத் தாளை நீட்டினான்.

"இந்தக் கை என்னோடது" என்றான். "ஏதோ ஜோக் அடிச்சான். அதான் அப்படிச் சிரிக்கிறான்."

"என்ன ஜோக்?"

"ஞாபகம் இல்லையே."

"கொஞ்சம் யோசிச்சுப் பாரேன்" என்று அவன் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள் யோருன்.

பின்னால் வரிசை நின்றது. ஸ்வெய்னுங் கண்ணை மூடி யோசித்தான். இல்லை என்று தலையை ஆட்டினான். யோருன் அவன் கோட்டுக் கையை விடவில்லை.