வலது ஷூவின் முனை

பிறந்தநாளுக்கு ஒரு ஜோடி ஷூ வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துத்தான் அவள் கணவரின் பழைய ஷூவைக் கையில் எடுத்தாள். அளவு பார்க்கத் திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். இடது ஷூ நல்லபடியாக இருந்தது. வலது ஷூவின் முனை மட்டும் அரத்தால் ராவினாற்போல் தேய்ந்து, உள்ளே இருக்கும் துணி எட்டிப் பார்த்தது.

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வீட்டில் டிவி ஓடினால் அதில் ஏதோ ஒரு விளையாட்டு ஓடும். கபடி, ஹாக்கி, கிரிக்கெட் என்று பேதமே கிடையாது. பந்து வீசத் தெரியாதவனைப் பார்த்தால் சோபாவிலிருந்தே திட்டுவார். மற்றபடி சாயங்காலம் ஒரு மணி நேரம் "வாக்கிங்" போவார். நடக்கிறவருக்கு ஒரு முனை மட்டும் எப்படித் தேயும்?

அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். நரம்பு தளர்ந்து ஒரு காலை இழுத்து நடப்பவர்களைத் தினமும் பார்க்கிறாள். அன்றிரவு முழுக்க "தண்ணி கொண்டு வாங்க", "ஜன்னலைச் சாத்துங்க" என்று அவரை நடக்கவிட்டுப் பார்த்தாள். குதிகால், பாதம், விரல் எல்லாம் வரிசைப்படி சரியாகத்தான் பதிந்தன.

"என்னம்மா, இன்னிக்கு என்னை விரட்டிக்கிட்டே இருக்கே?"

"சும்மாதாங்க."

மறுநாள் எலும்பு டாக்டரிடம், யாரோ ஒருத்தரைப் பற்றி விசாரிப்பது போல் கேட்டாள்.

"வரச் சொல்லுங்க, ஒரு படம் எடுத்துப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

'படம் எடுக்கிறதே நான்தானே' என்று முனகிக்கொண்டு திரும்பினாள்.

பிறந்தநாள் ஞாயிற்றுக்கிழமை வந்தது. பத்து மணிக்குக் கேக்கோடு வருவதாக மகள் சொல்லியிருந்தாள். சாயங்காலம் நடக்கப் போகிறவர் அன்று காலை ஏழு மணிக்கே பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "ஒரு நடை போயிட்டு வந்துடறேன்" என்று கிளம்பினார். நடக்கிறவருக்குப் பை எதற்கு? அதற்குமேல் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே போனாள்.

தபால் ஆபீஸ் தாண்டி, பஸ் டிப்போ தாண்டி, சிக்னலுக்குப் பக்கத்தில் இருந்த மைதானத்துக்குள் நுழைந்தார். ஓர் ஓரத்தில் பழைய சுவர். அதன் முன்னால் பையிலிருந்து எடுத்த ஒற்றை ஸ்டம்பை நட்டார். நன்றாகத் தள்ளி வந்து சுண்ணாம்புக் கட்டியால் தரையில் ஒரு கோடு போட்டார். பிறகு இருபது அடி பின்னால் போய்த் திரும்பி, ஓடி வந்தார். உடம்பு முன்னால் பாய, வலது கால் பின்னால் தரையைத் தேய்த்துக்கொண்டே வர, கையிலிருந்து பந்து பறந்தது.

அவளுக்கு மூச்சு வந்தது. சிரிப்பும் வந்தது.

"இதுதானா உங்க வாக்கிங்?"

அவர் திருட்டு முழி முழித்தார். "நீ எப்படி இங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. ஏன் மறைச்சீங்க?"

"சொன்னா வயசைச் சொல்லிக் காட்டுவே. கூடவே முட்டியைப் படம் எடுத்துச் சுவத்துல மாட்டுவே."

"சரி, அது கிடக்கட்டும். எப்பலேர்ந்து இந்த ஆசை?"

அவர் பந்தை விரல்களுக்குள் உருட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த சிக்னல்ல பஸ்ஸை நிறுத்துவேன் இல்ல? இங்க பசங்க ஆடுவாங்க. ரெண்டு பந்து பாப்பேன், பச்சை விழுந்துடும். மூணாவது பந்து என்ன ஆச்சுன்னு தெரியாமலே முப்பது வருஷம் ஓட்டிட்டேன். வேலை முடிஞ்சதும் தோணுச்சு, பாக்கறது போதும், கையை விட்டுப் போறப்போ எப்படி இருக்கும்னு பாத்துடலாமேன்னு."

கூட வாழ்ந்த மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது போல் பார்த்தாள் அவள்.

"ஸ்டம்ப் எத்தனை தடவை விழுந்துச்சு?"

"நாலு மாசத்துல பதினொண்ணு."

"எங்க, போடுங்க பாப்போம்."

அவள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். முதல் பந்து ஸ்டம்பை விட்டு விலகிப் போனது. இரண்டாவது தரையில் இடறிச் செத்தது. அவளே ஓடிப்போய்ப் பொறுக்கி எறிந்தாள். மூன்றாவது பந்து நேராக வந்து ஸ்டம்பைப் பிடுங்கிச் சாய்த்தது.

"பன்னெண்டு!" என்று அவள் கத்திய கத்தலில் சிக்னலில் நின்ற ஒரு சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்தார்.

கணவரோ குனிந்து கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இல்லம்மா. கால் தாண்டிடுச்சு. நோ-பால்."

"யாரு பாத்தா?"

"நான் பாத்தேனே."

அடுத்து ஒன்பது பந்து போட்டார். ஒன்றுகூடப் படவில்லை. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது. முகம் மட்டும் வாடவே இல்லை.

செல்போன் அடித்தது. மகள்.

"அம்மா, வீடு பூட்டியிருக்கு! சீக்கிரமே வந்துட்டேன். எங்க இருக்கீங்க?"

"அப்பா பந்து போட்டுட்டு இருக்கார். கேக்கை எடுத்துக்கிட்டு மைதானத்துக்கே வந்துடு."

"என்னது?"

அவள் போனை அணைத்து அவருடைய பையில் போட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கோட்டுக்குப் பின்னால் போய் நின்று கையை நீட்டினாள்.

"பந்தைக் கொடுங்க. விரலை எங்க வெச்சுப் பிடிக்கணும்?"