குப்பைக் கூடை நிறைந்தது

வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் பெரியக்காவுக்குச் சோதனை தொடங்கும்.

பெரியக்கா என்றதும் வயதில் பெரியவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவள் வேலை பார்க்கும் சலவைக்கூடத்தில் அவளைவிட மூத்தவர்களும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். உடம்பைப் பார்த்து வைத்த பெயர் அது. நேருக்கு நேர் குண்டு என்று சொல்ல வாய் வராதவர்கள் மரியாதையாக அப்படிச் சொல்லி வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதுவே நிலைத்துவிட்டது.

அன்றைக்கும் அவள் தன் சாப்பாட்டை முடித்திருந்தாள். சின்னக் கிண்ணத்தில் மசித்த முட்டையும் வேகவைத்த காயும். சின்னக் கரண்டியால் எடுத்து, ஒவ்வொரு வாயையும் கூழாகும்வரை மென்று விழுங்கியிருந்தாள். வயிறு போதும் என்று சொல்லிவிட்டது. நான்கு மாதத்துக்கு முன் அறுவை சிகிச்சை செய்து சுருக்கிய வயிறு. ஒரு கைப்பிடிக்கு மேல் கேட்காது. சொன்ன பேச்சு கேட்கிற வயிறு.

கைதான் கேட்கவில்லை. தட்டுகளை எடுத்துக்கொண்டு பாத்திரம் கழுவும் தொட்டியடிக்கு வந்தாள். கணவரின் தட்டில் இரண்டு பிடி சோறு. பெரிய மகளின் தட்டில் பொரித்த மீனில் பாதி. சின்னவளின் தட்டில், கருகியது பிடிக்காது என்று ஓரமாக ஒதுக்கிய உருளைக்கிழங்கு வறுவல். மீனை எடுத்தது அவளுக்குத் தெரியும். வறுவல் எப்போது தீர்ந்தது என்று தெரியவில்லை. தட்டு காலியானதும்தான் தான் மென்றுகொண்டிருப்பதே உறைத்தது.

சற்று நேரத்தில் நெஞ்சுக்கு நடுவே யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. நெற்றி வேர்த்தது. வாயில் எச்சில் ஊறி ஊறி வந்தது. குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, சத்தம் கேட்காமலிருக்கக் குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தாள்.

"உள்ள என்னம்மா பண்ற இவ்வளவு நேரமா?" என்றாள் சின்னவள் வெளியிலிருந்து.

"முகம் கழுவறேன்டி."

இப்படி முகம் கழுவுவது அவளுக்கு இப்போதெல்லாம் வழக்கமாகிவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும் என்றால், பெரியக்கா தீனிப்பண்டாரம் இல்லை. தனக்கென்று தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தின்றது எப்போதுமே கொஞ்சம்தான். நின்றுகொண்டு தின்றதுதான் அதிகம். பிள்ளைகள் பாதியில் வைத்த ரொட்டி, கணவர் "போதும், வயிறு ரொம்பிடுச்சு" என்று தள்ளிவைத்த சோறு, நாளைக்குக் கெட்டுவிடும் என்ற குழம்பின் அடி. நின்றுகொண்டு தின்றதை யாரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை. அவளும் எண்ணவில்லை. உடம்பு மட்டும் ஒன்றுவிடாமல் சேர்த்து வைத்துக்கொண்டது.

சோற்றைக் கொட்டினால் பாவம் என்று சின்ன வயதில் அவள் காதில் விழுந்திருந்தது. நல்ல பேச்சுதான். ஆனால் அந்த வீட்டில் பாவத்துக்குப் பயந்தவள் அவள் ஒருத்தி மட்டுமே. "நம்ம வீட்டுக்குக் குப்பைக் கூடை எதுக்கு? அதான் அம்மா இருக்காங்களே" என்று சின்னவள் ஒருமுறை சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். பெரியக்காவும் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வேடிக்கை வீட்டில் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது.

முட்டி தேய்ந்து, சர்க்கரை ஏறி, படி ஏறினால் மூச்சு வாங்கி, கடைசியில் டாக்டர்தான் அறுவை சிகிச்சை என்றார். செய்துகொண்டாள். அப்போது நாத்தனார், அதாவது கணவரின் அக்கா, பார்க்க வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது இதுதான்: "ஊர்ல எல்லாரும் வாயைக் கட்டி வயித்தைக் கட்டிக் குடும்பம் நடத்துவாங்க. இவ வாயைக் கட்டத் தெரியாம வயித்தை மட்டும் கட்டிக்கிட்டா." நாத்தனாரும் ஒன்றும் ஊசி மாதிரி இருப்பவள் இல்லை. ஆனாலும் சொல்கிற இடத்தில் இருப்பவள் அவள்.

சலவைக்கூடத்தில் பெரியக்காவின் வேலை, ஆவியில் தேய்த்து வரும் படுக்கை விரிப்புகளை மடிப்பது. ஒருத்தியால் ஆகாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று நான்கு முனையையும் பிடித்து, உதறி, நடந்துவந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். அவளோடு மடிப்பவளுக்கும் அவளுக்கும் ஒரே பெயர்: சோடி. இவள் அவளைச் சோடி என்பாள், அவளும் இவளைச் சோடி என்பாள். இவளைப் பெரியக்கா என்று கூப்பிடாத ஒரே ஆள் அவள்தான்.

"சோடி, இப்ப மூச்சு வாங்காம நடந்து வர்ற. நேத்து எனக்குத்தான் மூச்சு வாங்கி உன்னை நிறுத்தச் சொன்னேன்" என்றாள் அவள் விரிப்பை நீட்டியபடி.

"நடக்கறேன். ஆனா வழியில அந்த பேக்கரியைத் தாண்டறதுக்குள்ள செத்துப் போறேன். வயிறு சும்மாதான் இருக்கு. வாய்தான் அழுது."

"அழட்டும். ஆசைங்கறது பஸ்ஸு மாதிரி சோடி. வந்து நிக்கும், ஹாரன் அடிக்கும். நீ ஏறலேன்னா அதுபாட்டுக்குப் போயிடும்."

பெரியக்கா சிரித்தாள். பேக்கரியைப் பொறுத்தவரை அது பலிக்கவும் செய்தது. இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்து, எதிர்ப்பக்கம் கடந்து, பத்து விரிப்பு மடிப்பதற்குள் அந்த வெண்ணெய் வாசனை மனதைவிட்டுப் போய்விடும். தொட்டியடியில்தான் பலிக்கவில்லை. அங்கே ஆசை என்று ஒன்று வந்து நிற்பதே இல்லை. நேரே கை போய்விடுகிறது.

மறுபரிசோதனைக்குப் போனபோது எடை அசையாமல் அதே இடத்தில் நின்றது. உணவு முறை சொல்லும் மேடம் சின்னப் பெண். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு எடை காட்டும் இயந்திரத்தைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள்.

"வாந்தி வருதா?"

பெரியக்கா பொய் சொல்லத்தான் வந்தாள். கேட்ட குரலில் அதட்டல் இல்லாததால் வாய் தானாக உண்மையைச் சொல்லிவிட்டது. "வருது."

"அடிக்கடி வாந்தி எடுத்தா உள்ள இருக்கற வயிறு தாங்காதும்மா. புண்ணாகும். மறுபடியும் படுக்க வேண்டி வரலாம். எப்ப பசிக்குது உங்களுக்கு?"

"பசிக்கவே இல்லையே. பசிச்சாத்தான் பரவாயில்லையே. பாத்திரம் கழுவும்போது, தட்டுல இருக்கறதை…" என்று நிறுத்திக்கொண்டாள். ஏனோ அழுகை வந்தது. குண்டு என்று சொன்னபோதெல்லாம் வராத அழுகை.

மேடம் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டாள். "அதைக் கொட்டிடுங்க."

"சோத்தைக் கொட்டறதா?"

"அந்த மிச்சம் ரெண்டு இடத்துக்குத்தான் போக முடியும். ஒண்ணு கூடைக்கு, இல்லேன்னா உங்களுக்கு. எதுக்குன்னு நீங்கதான் முடிவு பண்ணணும்."

அன்றைக்கும் வீட்டில் பொரித்த மீன். தட்டுகளோடு பெரியக்கா குப்பைக் கூடை முன்னால் நின்றாள். சமையலறை மூலையில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் கூடை. காய்த் தோலும் முட்டை ஓடும் மட்டுமே கண்ட கூடை. மூடியைத் திறந்தாள், மூடினாள். மறுபடி திறந்தாள். பெரியவள் வைத்த மீன் மொறுமொறு என்று இருந்தது. அதன் வாசனை மூக்கில் ஏறி, நாக்கு முழுக்க ஊறியது. அதைத் தின்பது சுகம். தின்ற பிறகு குளியலறை. இரண்டுமே அவளுக்குத் தெரியும். தட்டைச் சாய்த்தாள். மீன் விழுந்த சத்தத்தில் யாரையோ அடித்துவிட்டது போல் நெஞ்சு பதறியது. கையைக் கழுவிக்கொண்டு, அந்த இடத்தில் நிற்காமல் வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தபடி நின்றாள்.

அடுத்த நாள் கொஞ்சம் சுலபமாக இருந்தது. அதற்கு அடுத்த நாள் கையில் இருந்த வறுவலை வாய்வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தாள். ஒருநாள் தோற்றும் போனாள். ஆனால் குளியலறைக் குழாய் முன்போல் தினமும் திறக்கவில்லை.

விடுமுறை நாளில் நாத்தனார் சாப்பிட வந்தாள். வழக்கம்போல் நிறையப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல் நிறையப் பேசினாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவச் சமையலறைக்குள் போன கணவர், அங்கிருந்தே குரல் கொடுத்தார். அவர் லிப்ட் மெக்கானிக். எதில் என்ன கோளாறு என்று மூக்கை நுழைத்துப் பார்க்காமல் இருக்க முடியாதவர்.

"என்ன இது, இங்க இப்படி நாறுது?"

கூடையைத் தூக்கிக்கொண்டே வெளியே வந்துவிட்டார். மூடி மூடாமல் நின்றது. சோறு, மீன், ரொட்டி ஓரம், வறுவல் எல்லாம் விளிம்புவரை.

"இவ்வளவு சோறா? யாரு கொட்டினது?"

"வேற யாரு?" என்றாள் நாத்தனார். "வயித்தைச் சின்னதாக்கினதும் சோத்தோட அருமையும் சின்னதாயிடுச்சு போல. சம்பாதிச்சுப் போடறவனுக்குல்ல தெரியும் வலி."

பெரியக்காவும்தான் சம்பாதித்துப் போடுகிறாள். அதை யாரும் நினைவுபடுத்தவில்லை.

கணவர் நிஜமாகவே குழம்பிப்போயிருந்தார். "முன்னல்லாம் இந்தக் கூடை ரொம்பினதே இல்லையே. எப்பப் பாத்தாலும் பாதிக்குக் கீழதான் இருக்கும்."

"முன்னாடி அந்த வேலைக்கு நான் இருந்தேங்க" என்றாள் பெரியக்கா.

குரலை உயர்த்தவில்லை. சாப்பாட்டு மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். சின்னவள் தான் எப்போதோ சொன்ன வேடிக்கையை நினைத்துக்கொண்டாளோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது பெரியவ வச்ச மீன். அந்த ரொட்டி ஓரமும் வறுவலும் சின்னவளோடது. அந்தச் சோறு நீங்க வச்சது. இத்தனை வருஷமா இதெல்லாம் எங்க போச்சுன்னு நீங்க யாரும் கேக்கலை. எனக்குள்ளதான் போச்சு. ஆபரேஷனுக்கு அப்புறமும் போச்சு. தின்னுட்டுத் தின்னுட்டு, குழாயைத் திறந்துவிட்டு வாந்தி எடுத்தேன். இன்னும் இப்படியே போனா மறுபடியும் படுக்கணும்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க. அதான் கொட்டறேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லலை?" என்றார் கணவர். கூடை இன்னும் கையிலேயே இருந்தது. அதை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"என்னன்னு சொல்றது? உங்க எச்சிலைத் தின்னு தின்னுத்தான் இப்படி ஆனேன்னா? மிச்சம் வச்சவங்களை யாரும் குண்டுன்னு சொல்லலைங்க. அதைத் தின்னவளைத்தான் சொன்னாங்க."

பெரியவள் எழுந்து அப்பாவின் கையிலிருந்த கூடையை வாங்கிக்கொண்டு வெளியே கொட்டப் போனாள். சின்னவள் தன் தட்டைப் பார்த்தாள். பாதி ரொட்டி. அதைத் தின்னவும் முடியாமல், வைக்கவும் முடியாமல் விழித்தாள்.

"வயிறு ரொம்பிடுச்சுன்னா விடு. கஷ்டப்பட்டுத் தின்னாதே. நீயும் என்னை மாதிரி ஆகவேணாம்" என்றாள் பெரியக்கா. "நாளைக்குப் பாதியா எடுத்துக்கோ. பத்தலேன்னா இன்னொரு பாதி எங்கயும் ஓடிடாது."

நாத்தனார் மட்டும் வாயே திறக்கவில்லை. அவள் வாய் திறக்காமல் இருப்பது அந்த வீட்டில் யாரும் பார்த்திராத காட்சி. தன் தட்டில் மலைபோல் மிஞ்சியிருந்த சோற்றை விரலால் ஓரமாகத் தள்ளினாள். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், மெல்லச் சொன்னாள்:

"எங்க வீட்லயும் கூடை ரொம்பறதே இல்லை."

பெரியக்கா துணியைக் கீழே வைத்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக நாத்தனாரை நன்றாகப் பார்த்தாள். வீங்கிய கால், மூச்சு வாங்கும் மார்பு, மேசை விளிம்பைப் பிடித்துக்கொள்ளாமல் எழ முடியாத முட்டி. எல்லாம் அவளுக்கு அறிமுகமானவை. வயிற்றைக் கட்டிக்கொண்டாள் என்று சொன்ன வாய் மேல் இருந்த கோபம், எப்போது போனது என்று தெரியாமல் போய்விட்டது.

"எத்தனை பேரு மிச்சம் அண்ணி?" என்றாள்.

"வீட்டுக்காரர், ரெண்டு பசங்க, இப்ப மருமகளோட மிச்சம் வேற. கொட்ட மனசு வரலை. கொட்டினா பாவம்தானே?"

"பாவம்தான். ஆனா அந்தப் பாவம் மிச்சம் வைக்கறவங்களோடது. சோத்தை வீணாக்கக் கூடாதுன்னா தட்டுல போட்டுக்கும்போதே யோசிக்கணும். எல்லாரும் வேணுங்கறதை மட்டும் போட்டுக்கிட்டா கூடையும் ரொம்பாது, நாமளும் ரொம்ப வேண்டாம். நம்ம வயிறு குப்பைக் கூடை இல்லை அண்ணி."

நாத்தனார் எழுந்து, தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு தொட்டியடிக்குப் போனாள். அங்கே பெரியவள் காலியாக்கிக் கழுவி வைத்த கூடை இருந்தது. அதன் முன்னால் அவள் வெகுநேரம் தட்டோடு நின்றாள். அந்த நிற்பு எப்படிப்பட்டது என்று பெரியக்காவுக்குத் தெரியும். அவசரப்படுத்தாமல் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.