ஒன்பதடி வாள்

எங்கள் தோட்டத்தின் எண்பத்து நான்காம் ஆண்டுத் திருவிழா நாடகத்தில் அரசி வேஷம் எனக்குத்தான் என்று நினைத்திருந்தேன். வசனம் முழுதும் மனப்பாடம். அரசி ஒன்பதடி வாளால் அசுரனை வெட்ட வேண்டும். போன வருஷம் அட்டை வாள் மேடையிலேயே வளைந்து, பக்கத்து ஊர் ஜெராம் வரைக்கும் சிரித்தார்கள். அதனால் நாடகத்தை நடத்தும் சேது அண்ணன், இந்த முறை லோரிப் பட்டறையில் சொல்லி இரும்பிலேயே அடித்துக்கொண்டு வந்துவிட்டார். இருபது கிலோ!

"சந்திரிகா, ஒன்னால தூக்க முடியாதும்மா. நடராஜா மீசைய எடுத்துட்டு அரசியா வரட்டும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நடராஜா தோட்டத்தில் எண்ணெய்க்கு அறுக்கும் செம்பனைக் குலைகளை லோரியில் ஏற்றுகிறவன். ஒத்திகையில் பிடியை இரண்டு கையாலும் பற்றி, மூச்சை அடக்கித் தூக்கி, ஒரே வீச்சு! வாள் போனது. கூடவே அவனும் போனான். மேளக்காரர்கள் நடுவில் போய் விழுந்தான்.

"பலம் மட்டும் போதுமாண்ணே? அது இழுக்குற இழுப்புக்குக் காலு தரையில நிக்கணும் லா. இவ்ளோ நீளத்த ஒரு கோடியில புடிச்சா, எந்தப் பயில்வானையும் அதுதான் வீசும்!" ஐந்தாம் படிவத்தில் பௌதிகம் படித்தவள், சும்மா இருப்பேனா?

"அப்ப நீ வீசிக் காட்டு. முடிஞ்சா வேஷம் ஒனக்கு."

எங்கள் தோட்டத்தில் குலை அறுக்கிறவர்கள் யாரும் பயில்வான் இல்லை. ஆனால் நுனியில் அரிவாள் கட்டிய முப்பதடி மூங்கில் கழியை மரத்தில் முட்டுக்கொடுத்து நிமிர்த்துவார்கள். தூக்கிப் போகும்போது நடுவில் தோள் கொடுப்பார்கள். அப்படியே அவர்கள் திரும்பினால் பக்கத்தில் நிற்கும் நாங்கள் எல்லாரும் குனிந்துவிடுவோம்.

வாளின் பிடியை மேடைத் தூணில் முட்டுக்கொடுத்தேன். நுனியிலிருந்து கைமாற்றிக் கைமாற்றித் தள்ளி நிமிர்த்தினேன். துண்டை மடித்துத் தோளில் போட்டு, சரிபாதியில் தாங்கினேன். அட, ஆடாமல் படுத்துக்கொண்டது! மேடை நடுவுக்கு வந்து, கால்களை அகற்றி ஊன்றி, உடம்போடு சேர்த்துத் திரும்பினேன். விர்ர்! அசுரனுக்குப் பதிலாக நட்டிருந்த வாழைமரம் முறிந்து விழுந்தது. நடராஜாவே கை தட்டினான். சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

வாள் நிற்கவில்லை. இரண்டாம் சுற்றில், என் முதுகுப் பக்கம் நீண்டிருந்த பிடி சேது அண்ணன் தலையை நோக்கிப் போனது. அடி படாமல் தப்பிக்க அவர் குப்புற விழுந்தார்.

"நிறுத்து புள்ள!"

"வேஷம் யாருக்குண்ணே?"

"ஒனக்குத்தான் லா! ஒனக்கேதான்! நிறுத்து!"

மூன்றாவது சுற்றும் சுற்றிவிட்டுத்தான் நின்றேன். என்ன பிடிவாதம் இந்தப் பெண்ணுக்கு என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். இருபது கிலோ இரும்பை எப்படி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாமல் போனதை யாரிடமும் நான் சொல்லவில்லை.